பரிசீலிக்கப்படும்

பதிவறையில் பாச்சா உருண்டை வாசனை.
கமிஷனர் ஆபீசிலிருந்து ஒரு துண்டுத்தாள்:
'பழைய பெண் உறுப்பினர் யாராவது இருந்தால்
பெயர் தேவை. வெள்ளிக்கிழமைக்குள்.'

யாராவது.

1937ஆம் வருட மினிட்ஸ் புத்தகம்.
செல்லரித்தது போக மிஞ்சிய பக்கங்களில் இருந்தார்
நியமன அங்கத்தினர் மு. சீரங்கம்மாள், குகை.
கையெழுத்து மட்டும் கோட்டை விட்டு
வளைந்து வளைந்து மேலேறும்,
ஏற்காடு பஸ் மாதிரி.

பிப்ரவரி: செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில்
பெண்களுக்குக் கக்கூஸ் வேண்டும் என்றார்.
தலைவர்: பரிசீலிக்கப்படும்.
மார்ச்: கேட்டார். நிதி இல்லை.
ஏப்ரல்: இதெல்லாம் சபையில் பேசுகிற பேச்சா
என்றார் ஓர் அங்கத்தினர். (சிரிப்பு.)
அந்த அடைப்புக்குறிக்குள் எத்தனை பேர்
உட்கார்ந்திருப்பார்கள் என்று வருகைப்பதிவில் எண்ணினேன்.
இருபத்தாறு.

ஜூனில் சந்தைக்கு விளக்குக்கம்பம் சாங்ஷன் ஆனது.
எழுந்திருக்கிறார்:
'நாங்கள் இருட்டுவதற்காகக் காத்திருக்கிறவர்கள்.
அதையும் பிடுங்கிக்கொண்டால்
எங்கே போய் ஒதுங்கச் சொல்கிறீர்கள்?'
பதில் பதிவாகவில்லை.

பதினான்கு கூட்டம், ஒரே கேள்வி.
பதினைந்தாவதில் பேருக்கு நேரே 'வரவில்லை'.
அடுத்த புத்தகத்தில் அந்த நாற்காலியில்
ஒரு நெல்மண்டிக்காரர்.

குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன்:
சந்தைக்குள் இப்போதுதான் கட்டி முடித்த
மகளிர் கழிப்பிடத்துக்கு இவர் பெயரை வைக்கலாம்.

கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மை:
'மரியாதையாக இருக்காது.'

ஆகையால் ஒரு ரவுண்டானா.
நடுவில் தண்ணீர் வராத நீரூற்று,
கருங்கல்லில் பொன்னெழுத்து.
வெட்டினவன் சீ-யின் சுழியை விட்டுவிட்டான்.
சிரங்கம்மாள் என்று நிற்கிறது.
திறப்பு விழாவில் ஒரு பையன்
முழங்கையைச் சொறிந்து காட்ட, மறுபடியும் சிரிப்பு.
இந்தத் தடவை அடைப்புக்குறி இல்லை.
திருத்தச் சொல்லி எழுதியிருக்கிறேன், மூன்று முறை.
என்ன பதில் வந்திருக்கும் என்று
உங்களுக்கே தெரியும்.
லாரிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன,
நின்று படிக்க யாருக்கும் வழியில்லை.

நேற்று செவ்வாய். லீவு போட்டுச் சந்தைக்குப் போனேன்.
வரிசையில் எனக்கு முன்னால் வெற்றிலை விற்கிற பெண்.
யார், என்ன என்று கேட்கவில்லை.
கூடையை என் கையில் திணித்துவிட்டு
உள்ளே போனாள்.

தாழ்ப்பாள் விழுந்த சத்தம்.
மணி பதினொன்று.
நல்ல வெயில்.