ஒரு கட்டு எழுத்து

ஹனோய்க்கு மேற்கே
பேருந்து கடைசியாக மூச்சு வாங்கும் இடத்தில்
அந்நிய மொழிகளுக்கென்று அரசு கட்டிய பல்கலைக்கழகம்.
மூன்றாம் மாடிச் சுவரில் பெயர்ப்பலகை ஒன்றுதான்,
ஆணித்துளைகள் பதினாறு.
நாலு நாலாக எண்ணினால்
நாட்டின் வரலாறு வந்துவிடும்.

முதலில் சீனம். அதன்மேல் ரஷ்யன்.
பிறகு, ஊரே ஒரு காலையில் விழித்ததுபோல் ஆங்கிலம்.
இப்போது கொரியன்,
தொழிற்சாலை வாசலில் சம்பளக் கவரோடு நிற்கும் மொழி.
ரஷ்யன் மாடிப்படிக்கு அடியில், சின்ன அறைக்குப் போய்விட்டது.
பிரெஞ்சு மட்டும் தரைத்தளத்தில்,
தீர்த்துவிட்ட மாப்பிள்ளை விருந்துக்கு வந்தாற்போல்
கூச்சத்தோடும் நல்ல சட்டையோடும்.

குண்டு விழுந்த ஆண்டுகளில்
பல்கலைக்கழகம் நடந்து போனது.
நடந்துதான்.
கரும்பலகை சைக்கிளில், சாக்கட்டி சட்டைப்பையில்.
இருந்த ஒரே பெரிய ரஷ்ய அகராதியை
முதுகு பிரித்து, எழுத்து எழுத்தாகக் கட்டி
ஆளுக்கொரு கட்டு தூக்கினார்கள்.
மலைக்குப் போகும் வழியில்
ஆறு ஒரு கட்டை வாங்கிக்கொண்டது.
பகரம்.
ரஷ்யனில் அந்த ஓர் எழுத்துக்குள்தான்
வெற்றி இருந்தது,
கடிதம் இருந்தது, பாட்டு, உதவி,
விடைகொடு என்பதும்.

அந்த ஆண்டுக்காரர்கள்
இவை எதுவும் இல்லாமல் ரஷ்யன் படித்தார்கள்.
மாஸ்கோவுக்குப் போனவர்களில் ஒருவர்
வெற்றித் திருநாளில் எழுந்து
'சண்டை ஓய்ந்தது' என்றாராம்.
கைதட்டல் இல்லை.
ஒரு கால் இல்லாத ஒருவர் மட்டும் தலையசைத்தாராம்.
திரும்பும் நாளில் ஒன்பது பேரும்
ரயில் மேடையில்
கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்களாம்,
ரயில் போன பிறகும்.

இதைச் சொன்னவர் பெயர் ஙா.
நம் நெடுங்கணக்கில்
வேலையின்றி உட்கார்ந்திருக்கும் ங
அங்கே ஒரு பெண்ணின் பெயருக்குத் தலை.
அவர்கள் மொழியில் ரஷ்யாவுக்கும் அதே பெயர்.
அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டே
அந்தத் தேசம் செய்தித்தாளில் கலைந்தது.
பகலில் ரஷ்யன் நடத்தி
மாலையில் தன்னைவிடச் சின்னவர்களோடு
ஆங்கிலம் படித்தார்.
முதல் தேர்வு முடிவு வாசித்த அன்று
'ரஷ்யாவுக்கு நாற்பத்தொன்று' என்று வகுப்பு சிரித்தது.
'தேறிவிட்டது, பாருங்கள்' என்றார் இவர்.

அறிவிப்புப் பலகையில் இப்போது
மொழிபெயர்ப்பு, ஆசிரியப் பயிற்சி, சுற்றுலா,
வேலைக்குப் போவோர்க்கு இரவு வகுப்பு.
கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பெண்கள்
பேசுகிறவனுக்கு மூன்று விநாடி பின்னால்
வாழப் பழகுகிறார்கள்.
அயலாருக்கு வியட்நாமியமும் உண்டு.
சோலிலிருந்து வந்த ஹ்யோக்
பக்கத்துப் பையன் தோளில் கைபோட்டு
'என் நண்பன்' என்று சொல்லப்போனான்.
குரல் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது.
வந்தது: 'என்னை விற்றுவிடு.'
கடைசி பெஞ்சு விலை கேட்டது.

இந்த வருடம் ரஷ்யன் முதலாண்டில் ஒரே ஒருவன்.
தாக், கடற்கரை ஊர் ஞாட்ராங்கிலிருந்து.
இலக்கணத்துக்கு முன் அவனிடம் ஒரு பட்டியல்:
அலை, ஆழம், கட்டணம், குழந்தைக்குப் பாதி.
மாமாவின் படகில் ரஷ்யர்கள்தான் ஏறுகிறார்களாம்.
ஙா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
எத்தனையோ கவிதை வைத்திருந்தார் முதல் நாளுக்கென்று.
மூடி வைத்தார்.

'மிதவைச் சட்டைக்கு என்ன?' என்றான்.
அவர் பலகையில் எழுதினார்.
'உயிர் காக்கும்' என்று தொடங்கும் நீளச் சொல்,
முதல் எழுத்து ஸகரம்.

அது அவர் அப்பா தூக்கிய கட்டு.
ஆற்றில்
கழுத்தளவுத் தண்ணீரில்
தலைக்கு மேல்.