பெயர் ஓடும் நேரம்

இரண்டு செக்கன்.
அதற்குள் வாசித்துவிட வேண்டும்.
அடுத்த விளம்பரத்தின் சவர்க்கார நுரை
திரையில் பாதியை ஏற்கெனவே தின்றிருக்கும்.
மீதியில், எறும்பு வரிசையில்,
ஒப்பனை, ஒளி, வாகனம், சாப்பாடு;
நடுவில் எங்கோ
கதை வசனம்: ஜெனோவா சவரிமுத்து.

வெள்ளவத்தை, பிரான்சிஸ் வீதி, மூன்றாம் மாடி.
ஆறு பெண்கள், ஒரு ரிவி.
"முடிஞ்சுதே, மாத்தன்" என்பாள் கௌசிகா.
ரிமோட்டைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு
வருகிற பஸ்ஸின் இலக்கம் பார்ப்பவள்போல
கழுத்தை நீட்டிக் காத்திருப்பேன்.

அவர் எழுதும் ஆட்கள்
தொலைபேசியை வைக்கும்போது விடைபெறுவதில்லை.
முக்கியமானதைச் சோபாவில் இருந்து சொல்வதில்லை.
வாசலில், செருப்பின் மற்றக் காலைத் தேடியபடி,
குனிந்த முதுகோடு சொல்வார்கள்:
"காணியை வித்திட்டன்."
"டொக்டர் வேற மாதிரிச் சொன்னவர்."
பிறகு செருப்புக் கிடைத்துவிடும்,
போய்விடுவார்கள்.

ஒருத்தி கணவனின் சம்பளத்தை
மூன்று முறை எண்ணினாள்.
மூன்றாம் முறை நாங்களும் சேர்ந்து எண்ணினோம்.
ஆறாயிரம் குறைந்தது.
அதைப்பற்றி அங்கே யாரும் பேசவில்லை.
கடலோரம் பாணந்துறை ரயில்
வீட்டை உலுக்கிக்கொண்டு போனது,
ஒரு வசனமும் எங்களுக்குத் தவறவில்லை.
அன்றிரவு கௌசிகா ரிமோட்டைக் கேட்கவில்லை.

நாற்பத்தோராம் அங்கத்தில்
அம்மாவாக நடிப்பவர் தொலைபேசியில்,
"சரி மகன், பிறகு கதைக்கிறன், கவனமா இரு" என்றார்.
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
இது அவர் எழுதினது இல்லை.
"உனக்கு விசர்" என்றார்கள்.
பெயர் பழையபடியே ஓடியது,
நாலு நாள் கழித்துத்தான் மாறியது.
அதன்பிறகு எல்லோரும் சோபாவில் இருந்தார்கள்.
இருந்து அழுதார்கள்,
முழு வாக்கியங்களில்.

எங்கே போனார்?
கனடா என்றார்கள்.
இங்கே யாரைக் காணவில்லை என்றாலும்
கனடாதான்.

பம்பலப்பிட்டியில், ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில்
தொலைபேசி எடுப்பதுதான் என் வேலை.
ஒரு திங்கள்.
"பெயர்?"
"சவரிமுத்து."
"முழுப்பெயர்?"
"ஜெனோவா."
பேனை நின்றுவிட்டது.
"எந்தப் பல் நோகுது?"
"கதைக்கேக்க நோகிறது."
புதன், ஐந்தேகால் என்றேன்.
விடைபெறாமல் வைத்தார்.
அவரேதான்.

புதன்கிழமை புதுச் செருப்புப் போட்டுப் போனேன், ஏனோ தெரியாது.
ஐந்தேகால் போனது.
ஆறு போனது.
ஏழரைக்கு வைத்தியர் கையுறை கழற்றினார்.
எனக்குக் கோபம் வரவில்லை.
எழுதியிருந்தாலும்
அந்தக் காட்சியை அப்படித்தான் எழுதியிருப்பார்.

பிறகொரு ஞாயிறு, மழை.
கௌசிகா வைத்த சிங்கள நாடகம்.
கதாநாயகனும் மழையில் நின்று
நீளமாய், மிக நீளமாய் மன்னிப்புக் கேட்டான்.
பதினொரு வருடமாய் இந்த நகரத்தில்
பஸ் இறங்கவும் அடையாள அட்டை காட்டவும்
பழகிய சிங்களம் எனக்கு.
முப்பது சொல்லாவது கேட்டேன்.
கீழே, வெள்ளை எழுத்தில், தமிழில்:
"பிந்திட்டன்."

நெஞ்சு திக்கென்றது.
நுரை வருமுன், கடைசி வரிசையில்,
தூசு அளவில், கண்டுபிடித்தேன்:
தமிழ் உபதலைப்பு: ஜெ. சவரிமுத்து.

இப்போது நான் முகங்களைப் பார்ப்பதில்லை.
மேலே அவர்கள் அடிக்கிறார்கள், அணைக்கிறார்கள்,
வாயெல்லாம் பூவும் சத்தியமுமாய்ப் பேசுகிறார்கள்.
கீழ் விளிம்பில் ஒருவர்
மற்றவன் எழுதியதை
ஒவ்வொரு சொல்லாய்க் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

நேற்று நாயகி
தொலைபேசியில் மூன்று தடவை விடைபெற்றாள்.
முத்தமும் கொடுத்தாள்.
கீழே ஒன்றும் வரவில்லை,
வெறும் கறுப்பு.

"எழுத்து நிண்டு போச்சு, ரிவியில ஏதோ பிழை"
என்று கௌசிகா கையை நீட்டினாள்.
ரிமோட்டை நான் கொடுக்கவில்லை.