பதினைந்து நிமிடம்

புகைக்கூண்டின் கழுத்தில்
நாற்பத்திரண்டு மீட்டர் உயரத்தில்
ஒரு மூக்கு வைத்திருக்கிறோம்.
மாதம் இரண்டு முறை ஏறி அதைத் துடைப்பது என் வேலை.
கந்தகம் இத்தனை, தூசு இத்தனை என்று
கால் மணிக்கொரு முறை அது சென்னைக்குச் சொல்லிவிடும்,
எங்களைக் கேட்காமலே.

முன்பெல்லாம் இரவு இரண்டு மணி எங்களுடையது.
கலிவரதன் வால்வைத் திறப்பார்.
ஊர் தூக்கத்தில் இருமும்.
விடிவதற்குள் எல்லாம் கடலுக்குப் போயிருக்கும்.
இப்போது திறந்தால்
திரையில் ஒரு முள் குத்திட்டு நிற்கும்.
முள்ளுக்கு விளக்கம் எழுத
யாருக்கும் தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை.
அதனால் திறப்பதில்லை.
நல்லதுதான். பொய் சொல்லமாட்டேன்,
நல்லதுதான்.

பாய்லருக்கும் மூளை வந்தது.
எவ்வளவு காற்று, எவ்வளவு கரி, அதுவே முடிவு செய்கிறது.
முதல் வருடம், நூறு லோடு எரிந்த இடத்தில்
எண்பத்தொன்பது போதுமானது.
கேக் வெட்டினோம். கேக்கின் மேல் ஒரு பச்சை இலை.
மிச்சம் பதினொன்றில்
மூன்றாவது ரியாக்டரை ஓட்டலாமே என்று
அடுத்த வருடம் யாரோ கணக்குப் போட்டார்கள்.
இப்போது நூற்று நான்கு லோடு வருகிறது.
ஒரு டன் சரக்குக்கு இவ்வளவுதான் கரி என்று
சுவரில் ஒரு கோடு அழகாக இறங்குகிறது.
வானத்துக்கு வகுத்தல் தெரியாது,
கூட்டல் மட்டும்தான்.

சர்வர் அறையில் வருடம் முழுக்க மார்கழி.
அந்தக் குளிருக்கான கரண்ட்
நெய்வேலிப் பக்கம் எங்கோ எரிந்து வருகிறது.
அந்தப் புகை எங்கள் திரையில் இல்லை.

கண்ட்ரோல் ரூமில் ஒரு லேண்ட்லைன் உண்டு.
"என்னத்தப்பா வுடுறீங்க?"
அஞ்சலாட்சி. குடிகாடு. உப்பனாற்றில் நண்டு வலை.
"இன்னிக்கு நெயில் பாலிஷ்."
நேற்று, "பலாப்பழம் அழுவுன மாரி."
போன வாரம்,
"செத்த எலிக்குச் சாம்பிராணி போட்ட மாரி."
எங்கள் மூக்குக்கு இவை எதுவும் தெரியாது.
வாங்கும்போதே அதற்குச் சொல்லிக்கொடுத்தது
நான்கு வாயுவும் தூசும்.
"ஸ்கிரீன்ல எல்லாம் பச்சையா இருக்கும்மா."
"எங் கண்ணு செவப்பா இருக்குதே,
அத எந்த ஸ்கிரீன்ல பாப்ப?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன், யூனிஃபார்ம் இல்லாமல்.
தினசரித் தாளை அவர் எறிவதில்லை.
ராகுகாலம், எமகண்டம்,
அதற்குக் கீழே பென்சிலில்
'ரா 11.40 பலா.'
'ரா 2.10 நெயில் பாலிஷ். சின்னவளுக்கு வாந்தி.'
பத்து மாதத் தாள்,
ரப்பர் பேண்ட் போட்டு அரிசி டின் மேல்.

போட்டோ எடுத்துவந்து எங்கள் கோட்டோடு வைத்துப் பார்த்தேன்.
அறுபத்துமூன்று நாற்றங்கள்.
ஐம்பத்திரண்டுக்கு நேரே பச்சை.
மீதிப் பதினொன்றுக்கு நேரே
கோடே இல்லை.
'காலிபரேஷன்' என்று மட்டும் இருந்தது.
மூக்கைத் துடைக்கும் நேரம்;
அப்போது அது சென்னையோடு பேசாது.

பத்து மாதத்தில் நான் ஏறியது இருபது தடவை.
இருபதும் பகலில்.
இந்தப் பதினொன்றும் இரவு.

அந்தப் பட்டனை அழுத்த ஏறவேண்டியதில்லை.
நாற்காலியிலிருந்து கை நீட்டினால் எட்டும்.
பதிவாகியிருந்த பெயர் என்னுடையது.
கடவுச்சொல் மானிட்டர் ஓரத்து மஞ்சள் தாளில்.
எழுதி ஒட்டியதும் நான்தான்,
எல்லோருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று.

இன்று எனக்கு இரவு ஷிப்ட்.
மஞ்சள் தாள் சட்டைப்பையில் இருக்கிறது.
புதுக் கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லவில்லை;
அது ஒரு பழத்தின் பெயரும்
ஒரு நேரமும்.
கலிவரதன் டீயைக் கொண்டுவந்து வைக்கிறார்,
மானிட்டர் ஓரத்தைப் பார்க்கிறார்,
என்னைப் பார்க்கவில்லை.
மணி பதினொன்று முப்பத்தெட்டு.
காற்று ஆற்றுப் பக்கம் திரும்பியிருக்கிறது.
லேண்ட்லைன் இன்னும் அடிக்கவில்லை.