காரணம் என்ற கட்டம்

மாகுலில் எங்கள் கொப்பரைக்குப் பெயர் இல்லை, எண்தான்.
மூன்று.
இரண்டு டன் வார்ப்பிரும்பு, தடித்த உதடு,
ஒரு பக்கம் லேசாகக் கோணிய வாய்.
கோலாப்பூரில் வார்த்தது.
உருகும்போது கொஞ்சம் நிக்கல் கலந்தார்களாம்,
சீட்டில் இரண்டு சதம் என்றிருந்தது.

காரம் என்றால் வீட்டில் மிளகாய்.
இங்கே அது வெள்ளைச் செதில்.
தொட்டால் வழவழக்கும்.
சுகமாயிருக்கிறதே என்று நினைப்பதற்குள்
உன் கொழுப்பை எடுத்தே உன்னைச்
சோப்பாக்கத் தொடங்கியிருக்கும்.
அலுமினியம் அதில் நுரைத்துக் கரைந்துபோகும்.
எவர்சில்வர், அந்தச் சூட்டில்,
மயிரிழை மயிரிழையாக விரிசல் விடும்.
மூன்று மட்டும்
நானூறு டிகிரியில் கொதிகாரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கும்.

வருஷத்துக்கு ஒரு முறை ஆறவைத்து
காலிப்பருடன் உள்ளே இறங்குவேன்.
ஆறு வருஷத்தில் நான்கு மில்லிமீட்டர்.
என் செருப்பு அதைவிட வேகமாகத் தேய்ந்தது
ராவளி கேம்ப் வீட்டுக்கும் குர்லா பிளாட்பாரத்துக்கும் நடுவில்.

புளிப்பு வேறு கதை.
நீர்த்த அமிலம் இரும்பைத் தின்றுவிட்டுக்
கரியை மட்டும் மிச்சம் வைக்கும்.
உருவம் அப்படியே நிற்கும், பெயின்ட்கூட உதிராது,
பேனாக்கத்தி இறங்கும்.
அப்படி ஒரு பம்பைப் பார்த்திருக்கிறேன்.
அப்படி மனிதர்களையும் என்று எழுத வந்தது,
விட்டுவிடுகிறேன்.

ஜூலை பத்தொன்பது, இரவு இரண்டே கால்.
கூரைத் தகடு ஒன்று பிய்ந்தது.
காரத்துக்குப் பணியாதது
மழைக்குப் பிளந்தது.
கோவில் மணி ஒரே ஒரு முறை
தப்பாக அடித்த மாதிரி சத்தம் என்றான் ராம்பிரவேஷ்.
சிவப்பாய்க் காய்ந்திருந்த தோளில்
அரபிக்கடலிலிருந்து வந்த குளிர்நீர்.
நெளிய வராது அதற்கு.
நெளியத் தெரிந்த உலோகங்கள் எதுவும்
அந்த வேலைக்கு வந்ததும் இல்லை.

விரிசல் வழியே அடுப்புக்குள் காரம் இறங்க
பர்னரை மூட ஓடினான்.
மூடினான்.
திரும்பும்போது வலது மணிக்கட்டில் ஒரு தெறிப்பு.
ஷவர் வால்வு துருப்பிடித்து இறுகியிருந்தது
(அதையும் எழுதியிருக்கிறேன், பிப்ரவரியில்).
அதே பிய்ந்த தகட்டின் கீழ் போய்
கையை நீட்டிக்கொண்டு நின்றான்,
இருபது நிமிடம்,
வானம் கொட்டியதெல்லாம் அந்த மணிக்கட்டின் மேல்.
தோல் போனது. கை இருக்கிறது.

காலையில் கர்மர்க்கர் சார் படிவத்தை நீட்டினார்.
'காரணம்' என்ற கட்டம் தீப்பெட்டி அளவு.
இயக்குபவர் கவனக்குறைவு
என்றால் சரியாக அடங்கும் என்றார்,
நல்லவிதமாகத்தான் சொன்னார், டீ வாங்கித் தந்து.

பதினான்கு அங்குல ஓட்டை.
மார்ச் மூன்றில் ஒரு கடிதம், மே பதினொன்றில் ஒரு கடிதம்.
மழை.
கட்டத்தைத் தாண்டி ஓரம் வரை போனது எழுத்து.

வெளியே வெல்டர்கள் மூன்றைத் துண்டாக்கிக்கொண்டிருந்தார்கள்
குர்லா பழைய இரும்புக்கடைக்கு.
எங்காவது மறுபடி உருகும்,
சாக்கடை மூடியாகவோ, எடைக்கல்லாகவோ.
உடைந்த முகம் சாம்பல் நிறம், பொடிப்பொடியாக மினுக்கம்.
தடவினேன்.
பென்சில் முனைபோல விரல் கறுத்தது.

கையெழுத்துப் போடும்போது
அந்த விரல் தாளில் படிந்துவிட்டது,
ராம்பிரவேஷின் பெயருக்கு இரண்டு வரி மேலே.
ரப்பர் மேசையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.