கசிவு

கூட்டத்துக்கு அறுபத்து மூன்று பேர் வந்ததாக
அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.
கையெழுத்துகளை எண்ணித்தான் எழுதினேன்.
சபார்குல் அதில் இல்லை.
அவள் தேநீர் ஊற்ற வந்தவள்.

கோக்-தால் பள்ளிக்கூடம், உடற்பயிற்சி அறை.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே வெள்ளைத் திரை.
பிஷ்கெக்கிலிருந்து மலை மலையாக ஏறி இறங்கி
மடியில் வைத்துக் கொண்டுவந்த ப்ரொஜெக்டர்.
பொறியாளர் எர்மெக் கால்வாயைத் தொட்டுக் காட்டினார்:
நாலு கிலோமீட்டர், மண்கரை,
நூறு வாளி திறந்தால் அறுபதுதான் வயல் சேர்கிறது.
மீதி நாற்பது?
சிவப்பு எழுத்தில் வந்து நின்றது:
இழப்பு.

எல்லோரும் தலையாட்டினார்கள்.
முன்வரிசையில் ஆப்ரிகாட் தோட்டக்காரர்கள்,
தொப்பியை முழங்காலில் கவிழ்த்தபடி
தண்ணீர் பங்கிடும் மிராப் அப்துமாலிக்,
ஆகஸ்டு வாய்க்காலில் புழுதி ஓடுவதைப் பார்த்தே
நரைத்துப்போன கீழ்க்கோடிக்காரர்கள்.
அவர்கள் கேட்டது நியாயம்.
கரைக்கு சிமெண்ட். ஒருமனதாக.
எத்தனை ஊர்களில் எழுதிய சொல்,
பேனாவுக்கே மனப்பாடம்.

அங்கே கிண்ணத்தை நிரப்ப மாட்டார்கள்.
பாதி ஊற்றினால், இன்னும் இரு, மறுபடி கேள்.
நிறைத்துக் கொடுத்தால், சரி, கிளம்பு.
பாதிப் பாதியாக ஊற்றி
சபார்குல் அறையை இருபது தடவை சுற்றினாள்.
கூட்டத்தை முழுதாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.
நான்கூட நடுவில் எங்கோ போய்விட்டேன்.

என் கிண்ணத்துக்குக் குனிந்தபோது
பக்கத்து நாற்காலிக்குக் கேட்காமல் சொன்னாள்:
"அந்தச் சிவப்பு எழுத்து என் மாடு."

மாலையில் போய்ப் பார்த்தேன்.
கல்லும் புழுதியுமான சரிவில்
கரைக்கு வெளியே ஒரு பச்சைக் கீற்று.
மண் வியர்த்து வியர்த்து வளர்த்த புல்.
என் ஷூ சதக்கென்று அமிழ்ந்தது.
நிலம் இல்லை, அதனால் நீர்ச்சங்கத்தில் இல்லை.
சங்கத்தில் இல்லை, அதனால் அழைப்பு இல்லை.
கணவனுக்கு யெகாத்தெரின்பர்க்கில் கட்டட வேலை;
பணம் வரும் மாதமும் உண்டு.
அவளைப்போல் கரையோரம் பதினொரு வீடு.
நடந்து நடந்து எண்ணினேன்.
கையெழுத்து கேட்கவில்லை.

இரவு எர்மெக் கோபப்படவில்லை.
கால்குலேட்டரைத் தள்ளிவைத்தார்.
"புல்லுக்கு விட்டால்
கீழ்க்கோடிக்கு என்ன பதில்?"
என்னிடம் இல்லை.
"மறுபடி கூட்டம் போடலாம்."
"எத்தனை கூட்டம்?"
அதற்கும் இல்லை.

இரண்டாவது கூட்டம் கரைமேலேயே.
திரை இல்லை, நாற்காலி இல்லை.
அப்துமாலிக் கத்தினார், என் கால்வாயைத் திருடிக்கொண்டே
என் பக்கத்தில் நின்றீர்களா என்று.
ஒருத்தி திருப்பிக் கத்தினாள்,
உன் பேரனுக்குப் பால் எங்கிருந்து வருகிறதென்று.
அவர் தொப்பியைக் கழற்றி, பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார்.
மூன்று மணி நேரம்.
சிமெண்ட் கரையில் நாலு குழாய்,
இரவில் மட்டும் திறப்பது, சாவி பதினொரு வீட்டுக்கும் முறைவைத்து.
கீழ்க்கோடி ஜோரோபெக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.
அதையும் எழுதினேன், அவர் பெயரோடு.

கிளம்பும்போது கார் உறுமிக்கொண்டிருந்தது.
சபார்குல் நீட்டிய கிண்ணத்தில்
பாதிதான் இருந்தது.

நிதி கொடுப்பவர்களிடமிருந்து அறிக்கை திரும்பி வந்தது.
"இழப்பு" என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்தது:
பதினொரு வீடு, பத்தொன்பது மாடு.
ஓரத்தில் குறிப்பு: சதவீதத்தில் தரவும்.

மிராபுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.
நெடுநேரம் சத்தமே இல்லை.
அப்புறம் சொன்னார்:
"தப்பாக எழுதியிருக்கிறாய்.
நேற்று ராத்திரி ஒன்று ஈன்றது.
இருபது என்று மாற்று."