அறுபத்து மூன்று சதவீதம்

இன்னும் ஒரு கிரெடிட் இருந்திருந்தால்
இந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தே இருக்காது.

டெல்பின் கோவாச். வயது முப்பத்தொன்று.
செவிலியர் படிப்பு.
முப்பது எடுத்துப் பத்தொன்பது தேறியிருக்கிறாள்.
அரசுப் பணம் தொடர்ந்து வர
அறுபத்தேழு சதவீதம் வேண்டும்.
இருபது தேறியிருந்தால்
கணினியே கொஞ்சம் மேலே தள்ளி
அறுபத்தேழு என்று எழுதிக்கொண்டிருக்கும்.
அந்த அளவு இரக்கம் அதற்கு உண்டு.

தவறியதில் பத்து, பழைய கதை:
பத்தொன்பது வயதில் சேர்ந்து
யாரிடமும் சொல்லாமல் பாதியில் நின்றது.
அவள் மறந்துவிட்டாள், கணினி மறக்கவில்லை.
பதினொன்றாவது, உடற்கூற்றியல் ஆய்வகம்.
ஆட்டு இதயத்தை அறுத்து
நான்கு அறைகளையும் பெயர் சொல்லிக் காட்டவேண்டிய காலை
டோலிடோவுக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில்
கியர் பெட்டி உயிரைவிட்ட காருக்குள்
உட்கார்ந்திருந்தாள்.
இழுவை வண்டிக்காரன் தந்த ரசீது இணைப்பில் இருக்கிறது.
7.50. நூற்று நாற்பது டாலர். ரொக்கம்.
மூலையில் கிரீஸில் ஒரு கட்டைவிரல்.

மேல்முறையீட்டுப் படிவத்தில் மூன்று கட்டங்கள்:
நோய். குடும்பத்தில் மரணம். பிற.
பதினொரு வருடமாகப் பார்க்கிறேன்,
'பிற' என்றால் கமிட்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றும்.
மரணம் என்றால் மளமளவென்று கையெழுத்தாகும்.

ஆகவே அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.
"அப்பா தவறிவிட்டதாக ஒருமுறை சொன்னீர்களே?"
"போன வருடத்துக்கு முந்தின மார்ச்."
"அதை எழுதலாமே.
துக்கம் என்ன, தேதி பார்த்தா விலகுகிறது?"

என் மேசையில் இருந்த கல்லூரிக் கோப்பையை
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"அந்த செமஸ்டரில் நான் எல்லாவற்றிலும் தேறினேன்.
ஒரு காருக்குப் பதிலாக
அவரைக் கொண்டுவந்து நிறுத்தமாட்டேன்."

எனக்குக் காது மடல் சுட்டது.
ஸ்டேப்ளரில் முள் இருக்கிறதா என்று
திறந்து பார்த்தேன். இருந்தது.

படிவத்தின் இரண்டாம் கேள்வி:
இனி இப்படி நடக்காமலிருக்க என்ன மாறியிருக்கிறது?
மற்றவர்கள் இங்கே ஒரு பக்கம் எழுதுவார்கள்,
நேரத்தின் அருமை, புதிய உறுதி.
இவள் எழுதியது:
காரைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டேன்.
பேருந்து கால அட்டவணை இணைத்துள்ளேன்.
5.52 வண்டிமேல் மஞ்சள் கோடு.

வியாழக்கிழமை மூன்று பேர் கூடினார்கள்.
கணிதத் துறை வாண்டர்ஹூஃப் சொன்னார்:
"கார் எல்லோருக்கும்தான் கெட்டுப்போகிறது."
டீன் அனுப்பிய ஆள் கைபேசியில் இருந்தபடியே
சரி என்று டிக் போட்டான்.
செவிலியர் துறை ரோசால்பா கின்டெரோ
ரசீதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.
"இதே ஆள் என்னையும் ஒருமுறை இழுத்திருக்கிறான்.
பாட்டு வேறு பாடுவான்."
அவ்வளவுதான் விவாதம். இரண்டுக்கு ஒன்று.

ஒரு செமஸ்டர், கண்காணிப்பில்.
எந்தப் பாடத்தையும் பாதியில் விடக்கூடாது.
எதிலும் சி-க்குக் கீழே போகக்கூடாது.
ஒன்று தவறினாலும் பணம் நிற்கும்.
கடிதத்தின் அச்சு வாசகம்
'வாழ்த்துகள்' என்று தொடங்குகிறது,
அதை மாற்ற எனக்கு அனுமதியில்லை.
மடித்து உறைக்குள் வைத்தேன்.

மத்தியானம் சாப்பிடப் போனபோது
நிறுத்தத்தில் புது நோட்டீஸ்,
பனியில் ஒரு முனை ஊறித் தொங்கியது:
ஜனவரி பன்னிரண்டு முதல்
முதல் வண்டி 6.40.
அவளுடைய மருத்துவமனைப் பயிற்சி
ஆறரைக்கு.

அந்தப் பக்கமாகத்தான் தினமும் வருகிறேன்.
என் காரின் பின் இருக்கையில்
உப்பு மூட்டையும் பழைய கோட்டும் மட்டும்தான்.
ஊழியர் கையேட்டின் ஏழாம் பக்கம்
மாணவரை வண்டியில் ஏற்றுவதைப் பற்றி என்ன சொல்கிறதென்று
எனக்குத் தெரியும். அதைத் தட்டச்சு செய்தவளே நான்தான்.

மணி நாலரை.
தபால்காரர் வந்து போய்விட்டார்.
உறையை இன்னும் ஒட்டவில்லை.