எல்லைக்கட்டை

செத்த தடி என்றுதான் நட்டேன்.
முள்ளுக்கம்பி இழுக்க எட்டு அடிக்கு ஒன்று,
ஐம்பத்திரண்டு கிளிசறியாத் தடி,
கரடியனாற்றுச் சந்தியிலிருந்து
உழவுமெசினில் வந்து இறங்கியவை.
மாரி இரண்டு மழை போட்டதும்
கம்பி தாங்கி நின்ற கட்டையெல்லாம்
கண் திறந்துவிட்டது.

மூன்றாம் வருஷம் முறைப்பாடு வந்தது.
குஞ்சித்தம்பி நீல மையில் எழுதியிருந்தார்:
'எதிராளி யோகம்மாவின் மரங்கள்
எனது சோளனுக்கு வெயிலை மறிக்கின்றன.
வேர்கள் எல்லை கடந்து
எனது மண்ணின் சாரத்தை உறிஞ்சுகின்றன.'
சாரம் என்ற சொல்லுக்குக் கீழே
இரண்டு கோடு.

ஜீ.எஸ். வந்தார், நாடா பிடித்தார்.
காலையில் நிழல் என் பக்கம் கிடந்தது,
பின்னேரம் அவர் பக்கம்.
எதை எழுதுவதென்று தெரியாமல்
தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

சினைப்பசு பார்க்க வந்த பர்ஹானாதான்
கிணற்றுத் தண்ணி வடியும் மூலையில்
மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி
வேரொன்றை இழுத்தெடுத்தது.
குரக்கன் மணி ஒட்டினாற்போல் முண்டு முண்டாய்.
பிளேட்டால் ஒன்றைப் பிளந்து
உள்ளங்கையில் வைத்து நீட்டியது:
கோழி ஈரலின் நிறம்.

"சிவப்பு எண்டா வேலை நடக்கிது அக்கா.
வெள்ளை எண்டா சும்மா இரிக்கிது.
காத்தில உள்ள நைதரசனைப் பிடிச்சு
இதுதான் மரத்துக்குக் குடுக்கிது.
யூரியா மூட்டையில இரிக்கிறதும்
அதேதான், பாருங்களன்."

கச்சான் வீசிக்கொண்டிருந்தது.
பல்லிடுக்கில் புழுதி.
இந்தக் காற்றுக்கா நான்
காப்பை ஈடுவைத்து
கறுப்பில் ஒரு மூட்டை வாங்கினேன்?

மத்தியஸ்த சபை மேசையில்
ஈரத்துணியில் சுற்றிய வேரை வைத்தேன்.
"உறிஞ்சவில்லை ஐயா, கொடுக்கிறது.
கணக்குப் பார்த்தால் இவர்தான்
எனக்குக் காசு தரவேண்டும்."
மூவரில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி
கிட்டக் குனிந்து பார்த்தார்.
"இது என்ன, நோயா?" என்றார்.
தவணை போட்டார்கள்.

தவணைக்கு முன்னம் ஒரு ராத்திரி
ஐம்பத்திரண்டு தலையும் விழுந்து கிடந்தது.
விடியவே ஆடுகள் வந்துவிட்டன,
அவருடைய ஆடுகளும்தான்.
வேலியில் நின்று
வாயில் வந்ததெல்லாம் ஏசினேன்.
அவர் வாடிக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

பர்ஹானா போனில் சிரித்தது.
"மேல இலை இல்லாட்டி
கீழ உள்ளவங்களுக்கு மரம் எதைக் குடுக்கும்?
சின்ன வேரைக் கைவிட்டிரும்.
முண்டெல்லாம் அழுகி மண்ணில சேரும்.
வெட்டத்தான் நாங்களும் சொல்லுவம்,
நெஞ்சளவு உயரத்தில.
எந்த உயரத்தில வெட்டியிரிக்கார்?"

போய்ப் பார்த்தேன்.
கோபத்தில் ஓங்குகிற கை
நெஞ்சளவுக்குத்தான் இறங்கும்போல.

ஐப்பசி கடைசியில்
வேலியோரம் அவருடைய நாலு வரிசைச் சோளன்
கறுத்த பச்சையில் நின்றது.
ஐந்தாம் வரிசை மஞ்சள்,
அதற்கப்பால் எல்லாம் மஞ்சள்.
வரம்பில் நின்று எண்ணினார்,
திரும்ப எண்ணினார்.
நான் மாட்டுக்குத் தண்ணி காட்டுவதுபோல்
பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகொருநாள் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து,
முகம் பாராமல்:
"இது எப்பக்கா திரும்பத் தழைக்கும்?"

"மழையைப் பார்த்துச் சொல்கிறேன்," என்றேன்.
மன்னிப்பு அவர் கேட்கவில்லை,
நான் எதிர்பார்க்கவுமில்லை.
முறைப்பாடு இன்னும் பதிவில் இருக்கிறது.

திரும்பி வரும்போது காலில் தட்டியது
தொட்டாச்சுருங்கி.
எத்தனையோ போகமாய்ச் சாபமிட்டுப் பிடுங்கிய முள்.
பூவைப் பார்த்தால் பயற்றினத்துச் சாயல் இல்லை;
ஆனாலும் ஒரு சந்தேகம்.
குந்தியிருந்து கிளறினேன்.
தொட்டதும் இலையெல்லாம்
வீட்டில் ஆளில்லை என்று மூடிக்கொண்டது.

நகத்தால் ஒன்றைக் கீறினேன்.
சிவப்பு.